பதினொரு நாள் பச்சை

வாக்குமூலம் கொடுப்பவர்: நவ்ரீன், வயது 27, த/பெ தமீம், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.
தொழில்: இணையப் பொட்டி செய்யும் நிறுவனத்தில் நிரல் எழுதுபவர்.
பதிவு செய்த நாள், நேரம்: 18.11.2025 செவ்வாய், காலை 11.15 மணி.

நான் மேற்கண்ட ஊரில் என் தாய் தகப்பனாருடன் வசித்து வருகிறேன். பி.சி.ஏ. படித்திருக்கிறேன். நான்கு வருடங்களாக இராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஐஸ் உடைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அலைப்பொட்டி என்ற நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். உரிமையாளர் செங்குட்டுவன், வயது 36. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, சம்மன் கொடுத்தும் கூப்பிடவில்லை, நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இதை முதலில் எழுதச் சொன்னேன்.

எங்கள் வேலை, இணையப் பக்கங்களிலும் போனிலும் ஒட்டிக்கொள்கிற சின்னச் சின்னப் பொட்டிகள் செய்வது. படித்தவர்கள் விட்ஜெட் என்பார்கள். அமுக்கினால் ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் பொட்டி. காசிமேட்டில் இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை என்று காட்டும் பொட்டி, கல்யாண மண்டபம் எந்தத் தேதி காலி என்று காட்டும் பொட்டி, டியூஷன் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்கும் பொட்டி என்று இதுவரை அறுபதுக்கு மேல் செய்திருக்கிறோம். வாட்சப்பில் அனுப்பினால் வேண்டியவர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவர்கள் இன்னொருவருக்கு அனுப்புவார்கள். நாம் செய்த பொட்டி எந்த ஊரில் யார் போனில் உட்கார்ந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. அதில் எனக்குப் பெருமைதான் இருந்தது.

2024 ஆகஸ்டில் 'நல்லா கீறேன்' என்ற பொட்டியை நான் செய்தேன். தனியாக இருப்பவர்களுக்கானது. அவர்கள் போனில் கீழ்ப் பாதி முழுக்க ஒரே ஒரு பெரிய பொத்தான். தினமும் காலையில் ஒரு தரம் அமுக்கினால் அவர்களுடைய பிள்ளைகள் போனில் பச்சைப் புள்ளி வரும், 'நல்லா கீறாரு' என்று ஒரு செய்தியும் வரும். பத்து மணி வரை அமுக்காவிட்டால் புள்ளி மஞ்சள், பன்னிரண்டுக்கு மேல் சிவப்பு, அதன் பிறகு பொட்டியே மூன்று பேருக்குப் போன் போடும். வயதானவர்களுக்குக் கை நடுங்கும், ஒன்றுக்கு இரண்டாக அமுக்குவார்கள் என்பதால், ஒரு நாளைக்கு எத்தனை தரம் அமுக்கினாலும் ஒன்றாகவே கொள்ளும்படி எழுதினேன். மீதியைப் பொட்டி குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைக்கும், யாருக்கும் அனுப்பாது.

அந்தப் பொட்டியை முதன்முதலில் கேட்டு வாங்கியவர் மகிழினி, வயது 31. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அவருடைய அப்பா பகலவன், வயது 63, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் தனியாக இருந்தார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. பகலவன் சாமி கும்பிடாதவர், சடங்கு வேண்டாம் என்பவர். மகிழினி மாப்பிள்ளை வீட்டாருக்காக ஐயர் வைத்து, ஓமம் வளர்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். பகலவன் மண்டபத்துக்கு வந்து, "பொகை கண்ண எரிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனவர், அதன் பிறகு மகளின் போனை எடுக்கவில்லை என்று மகிழினி என்னிடம் சொன்னார்.

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நானே பகலவன் வீட்டுக்குப் போய்ப் பொட்டியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். பொட்டி எதற்கு என்று சொன்னதும், "இன்னாம்மா இது, புழல் ஜெயில்ல கூட காலைல ஆள எண்ணிட்டு வுட்டுருவான். நான் வூட்லயே கெடந்து ஆஜர் குடுக்கணுமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அதும்கிட்ட பேச மாட்டேன். ஆனா செத்துட்டேனோன்னு அது பேஜாராவக் கூடாது. அதுக்கோசரம் அமுக்குறேன்" என்றார். அது என்று அவர் சொன்னது மகளை.

அதன் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. தினமும் காலை ஐந்து ஐம்பது வாக்கில் அமுக்குவார். மழை என்றால் பத்து நிமிடம் தாமதம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய் வந்து ஏழு மணிக்கு மேல் அமுக்குவார். மகிழினி எழுந்ததும் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். ஒரு வருடமாக அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

2025 ஜூனில் எண்ணூரில் தனியாக வாழ்பவர்களுக்கான ஒரு சங்கம் எங்கள் பொட்டியைக் கேட்டது. அதன் செயலாளர் சிலுவையம்மாள், வயது 54. சங்க அலுவலகச் சுவரில் ஒரு திரை மாட்டி, உறுப்பினர்கள் எல்லோருடைய புள்ளியும் அதில் தெரிய வேண்டும் என்றார். முதலில் மாதிரி காட்டச் சொன்னார். மாதிரி காட்டுவதில் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டி வாடிக்கையாளர் முன்னால் சும்மா கிடக்கக் கூடாது. அதனால் யாரோ உபயோகிப்பதைப் போலத் தானே அமுக்கிக்கொள்ளும் சில வரிகளைச் சேர்ப்போம். அதற்குப் பொம்மை விரல் என்று பெயர். "வெரலு வச்சிட்டியா?" என்று அண்ணன் கேட்பார். "வச்சாச்சிண்ணே" என்றால்தான் கூட்டத்துக்குக் கிளம்புவார். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு வேலை முடிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும்.

மற்றவர்கள் விரல் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அமுக்குகிற மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த மாதிரிக் கடனே என்று செய்வது பிடிக்காது. மனுசக் கை அமுக்குவது மாதிரியே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்களிடம் இருந்த பொட்டிகளிலேயே நீண்ட, ஒழுங்கான குறிப்பேடு பகலவனுடையது. ஆகவே அவருடைய பொட்டியையே நகல் எடுத்து, பன்னிரண்டு போலிப் பெயர் வைத்து, பன்னிரண்டு புள்ளி ஆக்கினேன். விரல் ஒவ்வொரு நாள் முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து, அவர் அமுக்கிய விதத்தைக் கற்றுக்கொண்டு, மறுநாள் அதேபோல அமுக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஏழு மணிக்கு மேல்தான் அமுக்கியது. அண்ணன் பார்த்துவிட்டு, "அய்யே, மெய்யாலுமே ஆளு கீற மாதிரியே கீது" என்றார். அன்றைக்கு நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நான் செய்த தவறு இதுதான். புதுப் பொட்டி செய்தால் அதற்குப் புது எண் விழும். நகல் எடுத்தால் பழைய எண்ணும் கூடவே வரும், அதைக் கையால் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. அவசரத்தில் மறந்ததாகப் போடட்டுமா என்று இதை எழுதுகிற ஏட்டையா கேட்டார். அவசரம் எதுவும் இல்லை, மறந்துதான் போனேன். ஒருவருடைய ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து இன்னொருவர் பொருள் வாங்கினால், வாங்கியது அசல் கார்டுக்காரர் பெயரில்தானே விழும். அந்த மாதிரி எண்ணூர்த் திரையில் பொம்மை விரல் அமுக்கியதெல்லாம் காலடிப்பேட்டையில் பகலவன் அமுக்கியதாக அவர் பொட்டியிலும் விழுந்துகொண்டிருந்தது. ஜூனிலிருந்து அவர் அமுக்கினாலும் பச்சை, அமுக்காவிட்டாலும் பச்சை. அவர் தினமும் அமுக்கியதால் யாருக்கும் தெரியவில்லை.

எண்ணூர் சங்கத்தில் தீர்மானம் போடுவது தள்ளிக்கொண்டே போனதால் மாதிரித் திரை அவர்கள் சுவரிலேயே தொங்கியது. விரலும் அதிலேயே இருந்தது.

05.11.2025 புதன்கிழமை காலை 9.45 மணிக்குச் சிலுவையம்மாள் எனக்குப் போன் செய்தார். "நவ்ரீனு, உம் பொட்டிக்கு இன்னா ஆச்சி? நேத்து வரிக்கும் நல்லா தான் இருந்துச்சி. இப்ப பன்னண்டும் ஒரே நேரத்துல படபடன்னு துடிச்சிச்சி. யாரோ கதவத் தட்டுற மாதிரி இருந்துச்சிம்மா" என்றார். எத்தனை தரம் என்று கேட்டேன். அவர், தான் பார்த்தவரை பதினாலு தரம் துடித்துவிட்டு நின்றது என்றார். "பாக்க ஒரு மாதிரி இருந்துச்சி, துண்டப் போட்டு மூடி வச்சிகீறேன்" என்றும் சொன்னார். நான், "வேணும்னா ஒரு ஜெபம் பண்ணிப் பாருங்கக்கா" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

எங்கள் ஆபீசில் புகார் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, வெள்ளைப் பலகையில் எழுதி அடித்துவிட வேண்டும். விரல் எதையோ தப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து கற்றுக்கொண்டது என்று நான் பார்க்கவில்லை. ஒரே நாளில் இரண்டாவது தரம் அமுக்கினால் திரையில் காட்டாமல் விட்டுவிடு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். 9.58க்கு முடிந்தது. பலகையில் 'எண்ணூர், நடுக்கம்' என்று எழுதி அடித்தேன். சிலுவையம்மாளுக்குப் போன் செய்து, துண்டை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சும்மா கீது" என்றார். அதன் பிறகு கீழே போய் டீ குடித்தேன்.

அதன் பிறகு 14.11.2025 வரை என்னைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. புகார் எதுவும் வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. நானும் இடையில் இரண்டு தரம் திரையைத் திறந்து பார்த்தேன், பன்னிரண்டும் பச்சையாக இருந்தன.

14.11.2025 வெள்ளிக்கிழமை காலை நடந்ததை அன்று இரவு மகிழினி நேரில் சொல்லித்தான் நான் அறிவேன். பகலவன் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் சுப்பராயன், வயது 66, மகளின் பிரசவத்துக்காக மாதத் தொடக்கத்திலேயே குடும்பத்தோடு பெரம்பூர் போயிருந்தவர், அன்று காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். பின்பக்கம் நாற்றம் வரவே, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மகிழினிக்குப் போன் செய்தார். மகிழினி அப்போது ஓசூரில் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்துவிட்டு, "எலி கிலி செத்துக் கெடக்கும் மாமா. நைனா காலைல அஞ்சி அம்பத்தாறுக்குத்தான் அமுக்குனாரு. கடைக்குப் போயிருப்பாரு" என்று சொல்லியிருக்கிறார். சுப்பராயன், "இல்ல மகிழினி, நாத்தம் வேற மாதிரி கீது" என்றிருக்கிறார். "பச்சை கீது மாமா, நான் பாத்துகினே கீறேன்" என்று மகிழினி சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் இப்படிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். மகிழினி கோபப்பட்டு, உயிரோடு இருக்கிற மனுசனை இப்படிப் பேசலாமா என்று கேட்டுவிட்டாராம். அதன் பிறகுதான் சுப்பராயன் ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார்.

பகலவன் சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் நடுவில் கீழே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார். கால் மிதியடியை இழுத்துத் தலைக்கு வைத்திருந்தார். வலது கையில் போன் இருந்தது. விழுந்ததில் அதன் திரையின் மேல் பாதி உடைந்து கறுத்துவிட்டது, சார்ஜும் தீர்ந்திருந்தது. இறந்து பல நாள் ஆகியிருந்தது.

மகிழினி என்னிடம் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புள்ளி ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அவர் தன் கணவரிடம், "பாத்தியா, கறி வாங்கிகினு வந்து சாவகாசமா அமுக்குது. இந்த மழைலயும் வுடல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சின்ன வயதில் அவர்களும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதுதானாம். அன்றைக்கு அவரும் அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லிச் சமைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

15.11.2025 சனிக்கிழமை காலை நானும் அண்ணனும் மட்டும் ஆபீசில் இருந்தோம். நான் பகலவனின் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு அமுக்கலும் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று அதில் இருக்கும். அவருடைய போன் என்றால் ஒரு பெயர், பொம்மை விரல் என்றால் எங்கள் ஆபீஸ் மிஷினின் பெயர். நான் பார்த்தது வருமாறு.

நான்காம் தேதி காலை 5.51க்கு அவர் போனிலிருந்து ஒன்று. வழக்கமானது. அதன் பிறகு அதே நாள் 9.40க்கு அவர் போனிலிருந்தே பதினாலு தரம், ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு நிமிடத்துக்குள். நான்காம் தேதி அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

திரையின் மேல் பாதி போய்விட்டதால் அவரால் யாருக்கும் போன் செய்திருக்க முடியாது. கீழ்ப் பாதியில் என் பொத்தான் மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. அதை அமுக்கினால் மகளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அதிகமாக அமுக்கினால் ஏதோ சரியில்லை என்று புரிந்துகொள்வாள் என்று நினைத்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். என் பொட்டி அப்படி நினைக்கவில்லை. பதினாலையும் ஒன்றாக்கி, ஏற்கெனவே பச்சை என்று விட்டுவிட்டது.

அன்றைய நாள் முடிந்ததும் பொம்மை விரல் வழக்கம்போலக் குறிப்பேட்டைப் பார்த்திருக்கிறது. இவர் இனிமேல் 9.40க்குப் பதினாலு தரம் அமுக்குவார் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் தேதி காலை 9.40க்கு அதே பதினாலு தரத்தை எண்ணூரில் பன்னிரண்டு புள்ளியிலும் அமுக்கிக் காட்டியிருக்கிறது. சிலுவையம்மாள் துண்டு போட்டு மூடியது அதைத்தான்.

இதை அண்ணனிடம் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டார். அதன் பிறகு என்னைக் கீழே உருட்டிப் பார்க்கச் சொன்னார். ஆறாம் தேதிக்குப் பிறகு பகலவனின் போனிலிருந்து எதுவும் இல்லை. ஆனால் குறிப்பேடு தினமும் நிறைந்திருந்தது. காலையில் ஒரு அமுக்கல், ஆபீஸ் மிஷினிலிருந்து, பச்சை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் 9.40க்கு விரல் பதினாலு தரம் அமுக்கப் பார்த்திருக்கிறது, பிறகு முப்பத்தொன்று, பிறகு மூன்று. பதினைந்தாம் தேதி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி 9.40 ஆனது, எங்கள் கண்ணெதிரே பதினாலு வரி வந்து விழுந்தன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'காட்டப்படவில்லை' என்று இருந்தது. ஐந்தாம் தேதி நான் எழுதிய வரிதான் அப்படிச் செய்தது. அந்த மனிதர் இறந்து ஒன்பது நாள் ஆகியும் விரல் அவருக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை, அந்த வரிகளை எழுதியதும் நான்தான். இருந்தாலும் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

அண்ணன் மிஷினின் சுவிட்சை அணைத்தார். அதன் பிறகு, "நவ்ரீனு, இத்த அழிச்சிடு. நம்ம அஞ்சி பேரு பொழப்பும்மா இது" என்றார். நான், "அண்ணே, ஒரு ஆளு செத்திருக்காரு" என்றேன். "அழிச்சா மட்டும் வந்துடப் போறாரா? வெச்சினு இருந்தா மட்டும் வந்துடப் போறாரா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, ஆபரேஷன் என்றபோது முதல் ஆளாக வந்து நின்றவர். நான் சரி என்றேன். குறிப்பேட்டை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அவர் பார்க்க அசலை அழித்தேன். அந்தப் பென்டிரைவை இன்று ஆய்வாளர் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

16.11.2025 ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மகிழினி எனக்குப் போன் செய்தார். முதல் நாள்தான் பகலவனை அடக்கம் செய்திருந்தார்கள். போனை எடுத்ததும், "இன்னிக்கு வரல" என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "பச்சை வரல நவ்ரீன். எழுந்து பாத்தேன். வெள்ளையா கீது. எட்டு மணி வரிக்கும் பாத்தேன், ஞாயித்துக்கெழம ஆச்சே, லேட்டா வரும்னு" என்றார். அதன் பிறகு அவரே, "எனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் பாத்தேன்" என்றார்.

அன்று மதியம் காலடிப்பேட்டை வீட்டுக்குப் போனேன். விரல் என்று ஒன்று இருந்ததையும், எண் மாற்றாமல் விட்டதையும், ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதி வரை வந்த பச்சை மிஷின் அமுக்கியது என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அடிக்கவில்லை. போனை எடுத்து என்னிடம் கொடுத்து, "இதுல எதுதான் எங்க நைனா கடைசியா அமுக்குனது? அத்த மட்டும் காட்டு" என்றார். நான் நான்காம் தேதி காலை 5.51 என்று காட்டினேன். "அதுக்கப்பறம்?" என்றார். "அதுக்கப்பறம் அவரு போனையே தொடலக்கா. விழுந்ததும் போய்ட்டிருப்பாரு" என்றேன். அவர் அந்தப் புள்ளியை விரலால் தடவிக்கொண்டே, "கஷ்டப்படலல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அது போதும்" என்றார். எனக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டு வைத்தார், நான் சாப்பிட்டேன்.

நான் அவரிடம் சொன்னது பொய். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பி, ஆபீசுக்குப் போகாமல் இங்கே வந்தேன்.

ஆய்வாளர் அம்மா கேட்டதும் நான் சொன்னதும்:

கேள்வி: ஐந்தாம், ஆறாம் தேதிகளில் பகலவனின் போனிலிருந்து வந்தவை என்ன?

பதில்: ஐந்தாம் தேதி காலை 10.02 தொடங்கி மாலை 4.10 வரை, விட்டு விட்டு, முப்பத்தொரு தரம். ஆறாம் தேதி காலை 11.18க்கு மூன்று தரம். அதோடு நின்றுவிட்டது.

கேள்வி: ஆறாம் தேதி அவர் அமுக்கிய நேரத்தில் மகிழினியின் போனில் என்ன இருந்திருக்கும்?

பதில்: பச்சைப் புள்ளி. 'நல்லா கீறாரு' என்ற செய்தி.

கேள்வி: ஐந்தாம் தேதி புகார் வந்தபோது விரல் எங்கிருந்து கற்றுக்கொண்டது என்று பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பதில்: இரண்டு நிமிடம்.

கேள்வி: உங்கள் ஆபீசிலிருந்து காலடிப்பேட்டைக்கு எவ்வளவு நேரம்?

பதில்: ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம். மழை என்றால் முப்பத்தைந்து. பத்தே முக்காலுக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் அதற்குப் பிறகும் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார்.

இந்த வாக்குமூலத்தின் நகல் தகப்பனார் இறந்தது பற்றி மனு கொடுத்தவர் என்ற முறையில் மகிழினிக்குக் கொடுக்கப்படும் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். எழுதுகிற ஏட்டையா, கடைசிப் பகுதியை வேண்டுமானால் சுருக்கி எழுதட்டுமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். மகிழினி அந்த மனு விஷயமாக வந்து இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் முப்பத்தொன்றையும் மூன்றையும் நானே என் வாயால் அவரிடம் சொல்லிவிட அனுமதி கேட்டேன். ஆய்வாளர் அம்மா அனுமதி கொடுத்து, கையொப்பம் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மேலே உள்ளதை ஏட்டையா எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை, எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்)
த. நவ்ரீன்
18.11.2025, பகல் 1.40 மணி